கைதி கிட்னி கொடுத்தால் தண்டனையைக் குறைக்கலாமா?

அல்சூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மச்சானுக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் ஓடுகிறது. வீட்டில் கொடுக்க முன்வந்த யாருடையதும் பொருந்தவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பரப்பன அக்ரஹாரா ஜெயிலில் ஆயுள் கைதிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தர் மனசார ஒரு கிட்னி கொடுத்து, அரசாங்கம் அவருக்கு ரெண்டு வருஷம் தண்டனையைக் குறைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வெளியே இருப்பவர் கொடுத்தாலும் கையில் நாலு காசு கொடுப்பதில் என்ன தப்பு?" இதுதான் கேள்வி.

நான் பெங்களூரில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். கொடுப்பவர், பெறுபவர், டாக்டர்கள், சட்டப்படி அனுமதி தருகிற அங்கீகாரக் குழு என்று எல்லாருக்கும் நடுவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் என் உத்தியோகம். நாலு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டதுபோல் படுத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிற யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைதி தன் சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம். அதற்காக அவர் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. வெளியே இருப்பவர் கொடுத்தால் அவருக்கு ஆன நஷ்டத்தைப் பைசா பாக்கியில்லாமல் ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேலே விலை என்று ஒன்று இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் இது பேச்சோடு நிற்காமல் நடந்தே இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் ஜேமி ஸ்காட், கிளாடிஸ் ஸ்காட் என்று இரண்டு சகோதரிகள். 1993-ல் நடந்த ஒரு வழிப்பறி வழக்கில் இருவருக்கும் இரட்டை ஆயுள் தண்டனை. பறிபோன தொகை 11 டாலர் என்று சொல்லப்பட்டது. பதினாறு வருஷம் உள்ளே இருந்தார்கள். அதற்குள் ஜேமிக்குக் கிட்னி பழுதாகி டயாலிசிஸ். 2010 டிசம்பர் கடைசியில் கவர்னர் ஹேலி பார்பர் இருவரையும் விடுவிப்பதாக அறிவித்தார். கிளாடிஸுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: சகோதரிக்கு ஒரு கிட்னி கொடுக்க வேண்டும். கொடுக்கிறேன் என்று முதலில் சொன்னதே கிளாடிஸ்தான் என்பதையும் சொல்ல வேண்டும். ஜேமியின் சிகிச்சைச் செலவு மாநிலத்துக்குப் பெரிய சுமை என்று கவர்னரே அறிக்கையில் எழுதினார். 2011 ஜனவரியில் வெளியே வந்தார்கள். எடையைக் குறைத்தால்தான் ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொல்ல, அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இந்த விஷயத்தை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். அந்தப் பெண்கள் விடுதலைக்குத் தகுதியானவர்கள் என்றால் கிட்னியைக் கேட்டது எதற்கு? தகுதியில்லை என்றால், கிட்னி தருகிறேன் என்று சொன்னதும் தகுதி எங்கிருந்து வந்தது? தண்டனைக் கழிவு என்பது ஆள் திருந்தியிருக்கிறாரா, வெளியே விட்டால் யாருக்காவது ஆபத்தா என்று பார்த்துத் தருவது. நம் நாட்டிலும் உள்ளே ஒழுங்காக நடந்ததற்கும் வேலை செய்ததற்கும் கழிவு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473-ம் பிரிவு மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் பதினாலு வருஷமாவது உள்ளே இருந்தாக வேண்டும் என்று 475-ம் பிரிவு கடிவாளமும் போடுகிறது. இந்தக் கணக்குக்குள் கிட்னி எங்கே வருகிறது?

இன்னொரு கோணத்தில் பாருங்கள். ஒரே கொலை வழக்கில் இரண்டு பேருக்கு ஒரே தண்டனை. இரண்டு பேரும் மனசாரக் கொடுக்கத் தயார். ஒருவருக்கு எல்லா டெஸ்டும் சரி. மற்றவருக்குச் சர்க்கரை இருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது. முதலாமவர் இரண்டு வருஷம் முன்னதாக வீட்டுக்குப் போவார். இரண்டாமவர் லேப் ரிப்போர்ட்டால் உள்ளேயே இருப்பார். சுதந்திரத்தைக் கிட்னி டெஸ்டில் வரும் க்ரியேட்டினின் அளவைப் பார்த்துப் பங்கிடுகிற நீதி எந்த ஊர் நீதி? வயசானவர், ஹெபடைடிஸ் வந்தவர், ஒற்றைக் கிட்னியோடு பிறந்தவர் எல்லாரும் இந்தச் சலுகைக்கு வெளியே. தகுதியில்லாதவருக்கும் "மனசு வைத்ததற்காக" கழிவு கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் அத்தனை கைதிகளும் கையைத் தூக்குவார்கள், டாக்டர் வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்று காத்திருப்பார்கள்.

மாசசூசெட்ஸில் 2023-ல் வந்த மசோதா இன்னும் பச்சையாகவே இருந்தது. எலும்பு மஜ்ஜையோ உறுப்போ கொடுக்கும் கைதிக்குக் குறைந்தது 60 நாள், அதிகபட்சம் 365 நாள் கழிவு. சவுத் கரோலினாவில் 2007-லேயே 180 நாள் வரை பேசினார்கள். இரண்டுமே சட்டமாகவில்லை. அமெரிக்காவின் 1984-ம் வருஷச் சட்டம் உறுப்புக்குப் பதிலாக மதிப்புள்ள எதையும் கொடுக்கக் கூடாது என்கிறது. சிறைக்குள் இருப்பவருக்கு ஒரு நாள் விடுதலையைவிட மதிப்புள்ளது வேறு என்ன இருக்கிறது?

"மனசார" என்ற சொல்லைக் கேள்வியில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் வேலையில் பாதி அந்த மனசைத் தேடுவதுதான். ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பெண் அண்ணனுக்குக் கொடுக்க வந்தாள். கூடவே அம்மா, அண்ணி, கணவர், ஒரு சித்தப்பா. கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது எங்கள் முறை. கதவைச் சாத்தியதும் "எனக்கு முழு சம்மதம் மேடம்" என்றாள், மனப்பாடம் செய்ததுபோல. பிள்ளைகள், வேலை, ஆபரேஷன் தழும்பு என்று பேச்சு எங்கெங்கோ போனது. கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "நான் வேண்டாம்னு சொன்னா வெளியில தெரியுமா?" என்று கேட்டாள். அந்த அறை இருப்பதே அந்தக் கேள்விக்காகத்தான். குடும்பத்திடம் நாங்கள் சொன்னது ஒரே வரி: "இவங்களால கொடுக்க முடியாது." சித்தப்பா காரணம் கேட்டுக் குரலை உயர்த்தினார். கொடுப்பவரின் மருத்துவ விவரம் அவருடையது, யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றோம்.

சிறைக்குள் இப்படி ஒரு கதவைச் சாத்த முடியுமா? விண்ணப்பம் சூப்பிரண்டெண்ட் மேஜை வழியாகப் போகும். டெஸ்டுக்குப் போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும். பின்வாங்கினால் வார்டர் முதல் பக்கத்து செல்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். இதோடு கழிவு வேறு இருந்தால், அவர் வேண்டாம் என்று சொல்லும்போது தன் மகள் கல்யாணத்துக்கு வெளியே இருக்கும் வாய்ப்பையும் சேர்த்தே வேண்டாம் என்கிறார். வீட்டுக்குத் தெரிந்தால் வீடே கேட்கும், "எங்களுக்காகக்கூட நீ இதைச் செய்ய மாட்டியா?" என்று.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன என்பதையும் யாரும் பேசுவதில்லை. கிட்னி கொடுப்பது பொதுவாக ஆபத்து குறைந்த ஆபரேஷன்தான். அமெரிக்காவில் பெரிய அளவில் கணக்கெடுத்ததில் பத்தாயிரம் பேரில் மூன்று பேர் அளவில் இறந்திருக்கிறார்கள். ஆனால் கொடுத்தவர் ஆயுசுக்கும் வருஷா வருஷம் ரத்த அழுத்தம், சிறுநீர்ப் புரதம், க்ரியேட்டினின் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரையைக் கண்டபடி விழுங்கக் கூடாது. பல்வலிக்கு எது கைக்குக் கிடைக்கிறதோ அந்த மாத்திரையைத் தருகிற இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று யோசியுங்கள்.

இந்தியச் சிறைகளைப் பற்றி ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். தண்டனைக் கழிவு இவர்களுக்குப் பொருந்தாது, சரி. ஆனால் கிட்னியை வைத்துத் தண்டனையைக் குறைக்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அதை வைத்து ஜாமீனும் கேட்கலாமே என்று அடுத்த வக்கீல் மனு போடுவார். தண்டனை பெற்றவர்களிலும் மேல்முறையீட்டில் விடுதலையாகிறவர்கள் உண்டு. கழிவு கொடுத்த அரசாங்கம் கிட்னியை எப்படித் திருப்பிக் கொடுக்கும்?

"ரத்தம் கொடுத்தால் கழிவு இருந்ததே" என்று சட்டம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஆமாம், சில மாநிலச் சிறை விதிகளில் அது இருந்தது. ரத்தம் சில வாரத்தில் ஊறிவிடும். அதிலும்கூட எனக்கு உடன்பாடு கிடையாது. சலுகைக்காகக் கொடுப்பவர் தன் மஞ்சள்காமாலையை மறைப்பார் என்பது ரத்த வங்கிக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. காசுக்கு ரத்தம் விற்பதை ஒழிக்க உச்ச நீதிமன்றம் 1996-ல் உத்தரவிட்டு, 1998 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. காசு கொடுக்காவிட்டால் ரத்தமே கிடைக்காது என்று அப்போதும் பயமுறுத்தினார்கள். ஆஸ்பத்திரிகள் மூடிப்போய்விடவில்லை.

சீனாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட கைதிகளின் உறுப்புகளை எடுக்க 1984-லேயே விதி வகுத்தார்கள். பல வருஷம் அந்நாட்டின் உறுப்பு மாற்றுச் சிகிச்சையே பெரும்பாலும் அதை நம்பி நடந்தது. 2015 ஜனவரி முதல் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். தண்டனை கொடுக்கிற கையும் உறுப்புக்குக் காத்திருக்கிற கையும் ஒன்றாக இருந்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. நம்முடைய 1994-ம் வருஷ மனித உறுப்பு மாற்றுச் சட்டத்திலும் ஒரு விசித்திரப் பிரிவு உண்டு. ஐந்தாம் பிரிவுப்படி, ஆஸ்பத்திரியிலோ சிறையிலோ இறந்தவர் உடலை 48 மணி நேரத்துக்குள் உறவினர் யாரும் வந்து கேட்காவிட்டால், அந்த இடத்தின் பொறுப்பாளர் உறுப்பை எடுக்க அனுமதிக்கலாம். 48 மணி நேரம் கழித்துக் கிட்னியை எடுத்து ஒரு பயனும் இல்லை. கண்ணைக்கூட ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். யார் எழுதினார்களோ, எழுதும்போது பக்கத்தில் டாக்டர் இல்லை போலிருக்கிறது.

இனி காசு. இதைப் பற்றித் தமிழர்களுக்கு வேறு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்றே பேர். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர்க் குடியிருப்பில் பெண்கள் வரிசையாகக் கிட்னி விற்றது 2007-ல் வெளியே வந்தது. 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள். கடன், புரோக்கர், போலி உறவுச் சான்று என்று கதை மாறவே இல்லை.

விற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை 2001-ல் சென்னையில் 305 பேரிடம் கேட்டு எழுதினார்கள். அடுத்த வருஷம் அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கைக்கு வந்தது சராசரி 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இன்னும் கடன் இருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்புபோல் இல்லை என்றார்கள். மற்றவர்களுக்கு இதைச் சொல்வீர்களா என்றதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

தடை இருந்தும் திருட்டுத்தனமாக நடக்கத்தானே செய்கிறது, சட்டப்படியே நல்ல விலை கொடுத்தால் புரோக்கர் ஒழிவான் அல்லவா என்பது எதிர்வாதம். இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, சிலர் நல்ல சிறுநீரக நிபுணர்கள். ஈரானில் 1988 முதல் அரசே மேற்பார்வையிட்டுக் காசு கொடுக்க வைக்கிறது. காத்திருப்போர் பட்டியல் வெகுவாகக் குறைந்தது உண்மைதான். கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதும் உண்மை. ஆனால் என்னைத் தடுப்பது வேறொன்று. லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலாளர் தொண்ணூறுகளில் சென்னையில் ஒன்றைக் கவனித்தார். கிட்னி விற்பது வழக்கமாகிவிட்ட பகுதிகளில் வட்டிக்காரர்கள் அதையும் சொத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடனை இன்னும் கடுமையாக வசூலித்தார்கள். அதாவது விற்காமல் இருக்க நினைத்த பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு போய்விட்டது. விலையை அரசாங்கம் வைத்தாலும் வட்டிக்காரன் அதே தெருவில்தான் இருப்பான்.

காசும் கழிவும் இல்லாமலேயே வீட்டுக்குள் நடக்கிற அழுத்தம் தனி. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுகளில் பெண்களுக்குக் கிடைத்தது 6,945 தான். உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி கணவனுக்குக் கொடுக்க வருவதை நாங்கள் வாரா வாரம் பார்க்கிறோம். கணவன் மனைவிக்குக் கொடுக்க வந்தால் டீ குடிக்கும்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது சட்டம் ஏற்கெனவே அனுமதித்திருப்பதைக்கூட நாம் செய்யாமல் இருப்பதில்தான். 1994 சட்டம் எது காசு வாங்குவது என்று விளக்கும்போதே இரண்டை விலக்கி வைக்கிறது. உறுப்பை எடுக்க, கொண்டுபோக, பாதுகாக்க ஆகும் செலவு ஒன்று. கொடுத்ததால் நேரடியாக ஏற்பட்ட செலவும் சம்பள இழப்பும் இன்னொன்று. இவற்றை ஈடுகட்டுவது குற்றமே இல்லை. உறுப்பு வியாபாரத்துக்கு ஐந்து முதல் பத்து வருஷம் சிறை, இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம் என்பதைப் பார்த்து மிரண்டு, ஆஸ்பத்திரியும் குடும்பமும் இந்த இழப்பைப் பற்றி வாயே திறப்பதில்லை. மத்திய அரசு ஊழியர் உறுப்புக் கொடுத்தால் 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு என்று 2023-ல் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. பீன்யா கார்மென்ட்ஸில் தைக்கிற பெண்ணுக்கு? தம்பிக்குக் கொடுத்த ஒருவர், தையல் போட்ட வயிற்றோடு மூன்றாவது வாரமே வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டு போன் செய்தார். லைனில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அவருக்கு மூன்று மாசச் சம்பளமும், ஆயுசுக்கும் இலவசப் பரிசோதனையும், வேலை போகாது என்ற உத்தரவாதமும் கொடுத்தால் அது லஞ்சம் ஆகாது. கொடுப்பதற்கு முன் இருந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்துவது, அவ்வளவுதான்.

மரியாதை வகைகளில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. மூளைச்சாவு அடைந்து உறுப்பு தந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாட்டு முதல்வர் மு.க.ஸ்டாலின் 2023 செப்டம்பரில் அறிவித்தார். கலெக்டர் வந்து மாலை வைப்பதால் எந்தக் கடனும் அடையாது, அதனாலேயே அது சுத்தமாக இருக்கிறது. உறுப்பு கொடுக்கப் பதிந்தவர்களுக்குப் பிற்பாடு தேவைப்பட்டால் பட்டியலில் முன்னுரிமை என்ற இஸ்ரேலின் 2008 சட்டமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஐசியு பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், உறுப்புகளைக் கொடுங்கள் என்று பேசுவது மட்டும் கூடவே கூடாது. பில் கட்ட முடியாமல் நிற்கும் அப்பாவிடம் அது கேள்வி இல்லை, கட்டாயம். உறுப்பு எடுக்க ஆகும் செலவைக் கொடுத்த குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது தனி விஷயம், அது விதியிலேயே இருக்கிறது.

உறுப்பு அதிகம் கிடைப்பது சிறையிலிருந்து இல்லை, ஐசியுவிலிருந்து. 2023-ல் இந்தியா முழுக்க இறந்த பின் உறுப்பு கொடுத்தவர்கள் 1,099 பேர். பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்பெயினில் அது நாற்பதுக்கு மேல். அங்கே யாருக்கும் காசு கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பயிற்சி பெற்ற டாக்டரை ஒருங்கிணைப்பாளராக வைத்திருக்கிறார்கள். பெங்களூர் ரிங் ரோட்டில் ஒவ்வொரு வாரமும் தலையில் அடிபட்டுச் சாகிறவர்களில் எத்தனை பேரின் குடும்பத்திடம் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்கள்?

உங்கள் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். "பொருந்தவில்லை" என்பதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரிடம் பிரித்துக் கேளுங்கள். ரத்த குரூப் மட்டும் சேரவில்லை என்றால் குரூப் மாறிய கிட்னியையே வைக்கும் சிகிச்சை இருக்கிறது, செலவு கூடும். அல்லது இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளும் முறை, ஸ்வாப், 2011 திருத்தத்தில் சட்டமாகியிருக்கிறது. அதில் கொடுப்பவர் உங்கள் மச்சானின் மனைவி, பெற்றோர், கூடப் பிறந்தவர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகளில் ஒருவராக இருக்க வேண்டும். நீங்கள் மச்சான் முறை என்பதால் சட்டம் உங்களை நெருங்கிய உறவாக எடுத்துக்கொள்ளாது. நீங்களே கொடுப்பதானால் அங்கீகாரக் குழு முன்னால் போக வேண்டும், அங்கே பேசுவது வீடியோவில் பதிவாகும். க்ராஸ்மேட்ச் பாசிட்டிவ், அதாவது கொடுப்பவரின் கிட்னியை உங்கள் மச்சான் உடம்பு எதிர்க்கும் என்று சொல்லியிருந்தால் அது வேறு வழி. எதுவானாலும், அவர் டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரிக்கு உறுப்பு மாற்று உரிமம் இல்லையென்றால், உரிமம் உள்ள ஒன்றின் வழியாக, கர்நாடகத்தில் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பான ஜீவசார்த்தகதேயின் காத்திருப்போர் பட்டியலில் பெயரை இந்த வாரமே பதியச் சொல்லுங்கள். ரத்த குரூப் ரிப்போர்ட், வைரஸ் டெஸ்ட், ஆதார், இதய எக்கோ கையில் இருந்தால் ஒரு நடை மிச்சம்.